'சைலன்ட் டைப்' என்ற பட்டம் எங்கே ஒட்டப்படுகிறது

பெங்களூர் ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் வருடாந்திர அப்ரைசல் (வேலை மதிப்பீடு) முடியும் முன்னால் ஒரு மீட்டிங் நடக்கும். கேலிபரேஷன் என்பார்கள். ஏழெட்டு மேனேஜர்கள், ஒரு டைரக்டர், எச்.ஆரிலிருந்து ஒருவர், திரையில் ஒரு எக்செல் ஷீட். அதில் உங்களுக்கு ஒரு வரி. உங்கள் மேனேஜர் இரண்டு மூன்று நிமிடம் உங்களைப் பற்றிப் பேசுவார். மேல் ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு இருப்பதால் யாராவது ஒருவரைக் கீழே இறக்கியே ஆகவேண்டும். தன் மேனேஜரைத் தவிர அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாத ஆள்தான் சுலபமாக இறங்குவார். "நல்ல பையன், கொடுத்த வேலைய முடிச்சிடுவான், கொஞ்சம் சைலன்ட் டைப்" என்று சொல்லிவிட்டால் மறுத்துப் பேச அங்கே ஆள் கிடையாது. அடுத்த வருடமும் அதே வாக்கியம் வரும், ப்ரமோஷன் பேச்சு எடுக்கும்போதும் அதுவே வரும்.

சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து எலக்ட்ரானிக் சிட்டியிலும் மான்யதாவிலும் பெல்லந்தூரிலும் வேலை பார்க்கும் நம் ஆட்கள் நிறையப் பேர்மேல் இந்தப் பட்டம் ஒட்டியிருக்கிறது. வேலை தெரியாததால் இல்லை. செய்த வேலையே பேசும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கேலிபரேஷன் அறையில் யாரும் உங்கள் வேலை பதிவாகியிருக்கும் ஜிரா டிக்கெட்டைத் திறந்து படிப்பதில்லை. அங்கே எடுபடுவது, மற்றவர்கள் திருப்பிச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம். "அந்த பேமென்ட் ரிலீஸ்ல ரோல்பேக் ஸ்கிரிப்ட் இல்லைங்கறத முதல்ல கேட்டது அந்தப் பொண்ணுதான்." (ரோல்பேக் ஸ்கிரிப்ட் என்பது, கோளாறானால் பழைய நிலைக்குத் திருப்பும் நிரல்.) இப்படி ஒரு வாக்கியம் வேறொரு டீம் மேனேஜர் வாயிலிருந்து வந்தால் போதும், ரேட்டிங்கை இறக்கத் தயங்குவார்கள். நிறையப் பேசினால் பெயர் வரும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஒரு வருடத்துக்கு இப்படி மூன்று வாக்கியங்கள் இருந்தால் தாராளம்.

பட்டம் ஒட்டப்படும் முதல் இடம் எஸ்டிமேட் மீட்டிங், அதாவது எந்த வேலைக்கு எத்தனை நாள் என்று கணிக்கும் கூட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிச் சேதம் இங்கேதான் நடக்கிறது. ஒரு வேலைக்கு ஐந்து நாள் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். டீம் லீட், "மூணு நாள் போதும்ல?" என்கிறார். நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனம் ஷீட்டில் '3' என்று ஏறுகிறது. நான்காம் நாள் ஸ்டாண்டப்பில் (தினசரிச் சின்ன மீட்டிங்) "இன்னும் போயிட்டு இருக்கு" என்கிறீர்கள். இரண்டு மூன்று ஸ்பிரிண்ட் (சில வார வேலைத் தவணை) இப்படிப் போனால் நீங்கள் லேட் பண்ணுகிறவர். எண்ணைப் போட்டது லீட், பெயர் கெட்டது உங்களுக்கு.

இங்கே "முடியாது" என்று சொல்லத் தேவையில்லை. நாள்களைப் பிரித்துக் காட்டினால் போதும்: கோட் எழுத 2, ரிவ்யூவும் திருத்தமும் 1, டெஸ்டிங் 2. பிறகு ஒரு மாற்று: "மூணு நாள்ல வேணும்னா ரிப்போர்ட் பக்கத்த அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ளலாம், மத்ததெல்லாம் வரும்." எண், காரணம், மாற்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது எதிர்ப்பாகக் காதில் விழுவதில்லை. திட்டம் போடத் தெரிந்தவர் பேசுவதாக விழும். டீமில் பிளானிங் போக்கர் வழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு எல்லோரும் 1, 2, 3, 5, 8, 13 என்ற எண்களில் ஒன்றைத் தேர்ந்து ஒரே நேரத்தில் காட்டவேண்டும். ரொம்பக் கூட்டிப் போட்டவரும் ரொம்பக் குறைத்துப் போட்டவரும் காரணம் சொல்லவேண்டும். கூச்சப்படுகிறவருக்குப் பேச முறை வருவதற்காகவே உண்டான ஏற்பாடு போல இருக்கும். இது கெடுவது ஒரே வழியில்: காட்டுவதற்கு முன்பே லீட் "எனக்கு இது மூணுன்னு தோணுது" என்று சொல்லிவிடுவார், எல்லார் எண்ணும் மூன்றாகிவிடும். அப்போது நீங்கள் 8 போட்டிருந்தால் மாற்றாதீர்கள். தனித்து நிற்கும் அந்த எண்தான் உங்களுக்குப் பேச இடம் வாங்கித் தருகிறது.

க்ளையன்ட் காலில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். நம் வாயில் வரும் 'ஓகே'வுக்குக் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் அர்த்தம். எதிர்முனையில் இருப்பவர் 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதிக்கொள்வார். 'நோட்டட், நாளைக்குப் பகல் 12 மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்றேன்' என்பதை ஆங்கிலத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நேரத்தோடு சொன்னால் யாரும் தட்டிக்கழிப்பதாக நினைக்க மாட்டார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்குப் பேச விஷயம் இல்லாமல் போவதில்லை. வாக்கியம் மனதில் தமிழில் முழுதாக உருவாகி, ஆங்கிலமாகி, நாக்குக்கு வருவதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. இதற்கு வழி ஆங்கிலத்தை மெருகேற்றுவதல்ல, முதலில் இடத்தைப் பிடிப்பது. 'ஒன் பாயின்ட் ஆன் திஸ்' என்று நான்கே சொல் சொல்லிவிட்டால் எல்லோரும் நிற்பார்கள், மீதி வாக்கியத்தை நிதானமாகக் கட்டலாம். ஆன்லைன் கால் என்றால் சாட் பாக்ஸில் அரை வரி தட்டிவிட்டு அன்மியூட் செய்யுங்கள். எழுதியது கண்முன் இருக்கும்போது வாய் தடுமாறாது. முந்தின நாளே அஜெண்டாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வியையோ எண்ணையோ காகிதத்தில் எழுதி வைத்து, முதல் கால் மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு பக்கம் எடுத்துவிடுவார்கள். அப்போது புதிதாக வாய் திறந்தால் யாரோ ஒருவருக்கு எதிராகப் பேசியதாகிவிடும்.

மீட்டிங் பாதியில் இந்திக்குத் தாவினால் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். "நோட்ஸ் எடுக்கறேன், இங்கிலீஷ்ல போகலாமா?" என்று காரணத்தோடு, சிரித்த முகத்தோடு, ஒரே தடவை கேட்டால் போதும், பெரும்பாலும் மாறிவிடுவார்கள். இதே நியாயம் நமக்கும் உண்டு. மதியச் சாப்பாட்டு மேஜையில் நாலு தமிழரும் ஒரு ஒடியாக்காரரும் ஒரு கன்னடத்துக்காரரும் இருக்கும்போது முழுக்கத் தமிழில் போனால், 'தமிழ் கேங்' என்ற பெயர் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். அந்தப் பெயர் வந்தபின் உங்கள் டெக்னிக்கல் கருத்தைக்கூட ஒரு கூட்டத்தின் கருத்தாகத்தான் கேட்பார்கள். கன்னடம் நம் காதுக்கு அவ்வளவு தூரமில்லை. செக்யூரிட்டியிடமும் கேன்டீனிலும் 'கன்னட கொத்தில்லா' (கன்னடம் தெரியாது) என்று நிறுத்தாமல் நாலு வாக்கியம் பேசக் கற்பது ஆறு மாத வேலைகூட இல்லை.

சொன்னது யார் காதில் விழுந்தது என்பதற்கு சேலஞ்சர் விண்கலத்தின் கதையைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை ஏவுதல். குளிர் உறைநிலைக்கும் கீழே போகும் என்று வானிலைக் கணிப்பு. பூஸ்டர் ராக்கெட்டைச் செய்துதந்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் எஞ்சினியர்கள், ரோஜர் பாய்ஸ்ஜாலி உள்பட, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் ஓ-ரிங்குகள் குளிரில் விறைத்துப்போகும், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக்கூடாது என்று டெலிகான்ஃபரன்ஸில் வாதாடினார்கள். நாசா தரப்பு கடுமையாக மறுத்தது. தயோகால் மேலாளர்கள், 'எங்களுக்குள் ஐந்து நிமிடம் பேசிக்கொள்கிறோம்' என்று லைனிலிருந்து விலகினார்கள். அது அரைமணி நேரம் போயிற்று. பாய்ஸ்ஜாலியும் சக எஞ்சினியர் ஆர்னி தாம்சனும் அந்த அரைமணியில் திரும்பவும் எதிர்த்துப் பேசினார்கள். ஆனால் லைன் மியூட்டில் இருந்தது. ஃப்ளோரிடாவிலும் அலபாமாவிலும் இருந்த நாசா அதிகாரிகள் காதில் ஒரு சொல்கூட விழவில்லை. லைன் திரும்ப வந்ததும் மேலாளர் ஏவலாம் என்றார். யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று நாசா அதிகாரி கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் 73-வது விநாடியில் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். மியூட்டில் இருந்தபோது அவர்கள் சொன்னதெல்லாம் சரி. முடிவெடுப்பவர்கள் கேட்டதோ அந்தக் கடைசி மௌனத்தை மட்டும்.

நம் அலுவலகங்களில் இந்த மியூட் தினமும் நடக்கிறது. காபி மெஷின் பக்கத்தில், "இது புரொடக்‌ஷன்ல வெடிக்கும் பாரு" என்று சொல்லிவிட்டு மீட்டிங்கில் பேசாமல் இருப்பது. வெடித்த பிறகு "நான் அப்பவே சொன்னேன்" என்பது. யாரிடம், எங்கே சொன்னீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. 'அப்பவே சொன்னவர்' என்று அலுவலகத்தில் ஒரு வகை ஆள் உண்டு. அவரை யாரும் மதிப்பதில்லை.

எதிர்ப்பைக் கேள்வியாக மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவது இன்னொரு ஆபத்து. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். டேக்-ஆஃப் எடுத்துக்கொண்டிருந்த கே.எல்.எம். விமானத்தில், எதிரே இருக்கும் பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையா என்று ஃப்ளைட் எஞ்சினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் விமானப் பணியாளர்களுக்குப் படிப்படியாக அழுத்தம் கூட்டிப் பேசும் பயிற்சி வந்தது: விசாரி, எச்சரி, எதிர்த்து நில், தலையிடு. ராத்திரி டிப்ளாய்மென்ட்டில், அதாவது புது மாற்றத்தை நிஜ சிஸ்டத்தில் ஏற்றும்போது, அதே படிகள் இப்படி இருக்கும். முதலில், "இந்த டேட்டா மைக்ரேஷனை ஸ்டேஜிங்ல, டெஸ்ட் சர்வர்ல, ஓட்டிப் பார்த்தாச்சா?" பதில் சரியில்லை என்றால், "ரெண்டு கோடி ரோ இருக்கற டேபிள், லாக் ஆனா ஆர்டர் எல்லாம் நிக்கும்." அதற்கும் நகரவில்லை என்றால், "பேக்கப் முடியற வரைக்கும் ஓட்ட வேண்டாம்." கடைசியில், "நான் அப்ரூவல் தரல, மேனேஜரைக் கால்ல கூப்பிடறேன்." நம்மில் பலர் முதல் படியில் நின்றுவிடுகிறோம், ஏனென்றால் கேள்வி கேட்பது மரியாதையாகத் தெரிகிறது. சிலர் நேராக நாலாவது படிக்குத் தாவி 'கஷ்டமான ஆள்' என்று பெயர் வாங்குகிறார்கள். இரண்டாவது படியில் விளைவைச் சொல்லும் வாக்கியம்தான் பெரும்பாலும் வேலையை முடித்துவிடும்.

எல்லார் முன்னாலும் சொல்வதா, தனியாகச் சொல்வதா? செய்தபின் திரும்ப மாற்ற முடியுமா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பட்டன் நிறம், லைப்ரரி தேர்வு, டாக்குமென்ட் வடிவம் எல்லாம் பிறகு மாற்றக்கூடியவை. மேனேஜரிடம் தனியாகச் சொன்னால் அவர் முகமும் காப்பாற்றப்படும், வேலையும் நடக்கும். டேட்டா அழிவது, வாடிக்கையாளர் பணம், மனிதருக்குக் காயம் இவையெல்லாம் அங்கேயே, அப்போதே, எல்லார் காதிலும் விழவேண்டும்.

சொன்னதை அன்றே எழுதிவிடுங்கள். நாலு வரி மெயில்: பார்த்தது என்ன, அதனால் என்ன ஆகலாம், நான் சொல்லும் வழி, எப்போதைக்குள் முடிவு வேண்டும். முதல் மெயிலிலேயே மேனேஜரின் மேனேஜரை சிசியில் போடாதீர்கள். அது போர் முரசு. இரவு பதினொரு மணிக்கு எழுதும் மெயிலில் 'பலமுறை சொல்லியும்' என்ற சொற்கள் தாமாக வந்து உட்காரும், அதைக் காலையில் படித்துவிட்டு அனுப்புங்கள். ஆதாரத்துக்காகக் கம்பெனி ஃபைல்களைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவது பெரிய தவறு. உங்கள் புகார் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் டேட்டாவை வெளியே எடுத்த குற்றம் முன்னால் வந்து நிற்கும். தேதி, இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று சொந்த டைரியில் எழுதினால் போதும்.

பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் உள்ள சின்ன மெஷின் ஷாப்புகளில் இதே விஷயம் விரலுக்கு விலை வைக்கிறது. தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம் (மேலிருந்து அழுத்தும் பகுதி) இறங்கவேண்டும். கை டையின் (அச்சின்) உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காகவே அந்த அமைப்பு. டார்கெட் நெருக்கும்போது ஒரு பட்டனைத் துணியாலோ கட்டையாலோ அமுக்கி வைத்துவிடுவார்கள், ஒரு கை சும்மா இருக்கும், எண்ணிக்கை ஏறும். பக்கத்து மெஷின் ஆளுக்கு இது தெரியும். அவர் கான்ட்ராக்டில் இருப்பவர். சொன்னால் நாளைக்கு கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் நிஜமானது, அதை யாரும் அலட்சியமாகப் பேசக்கூடாது. அங்கே தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போவது, ஷிஃப்ட் மாறும்போது லாக் புக்கில் 'பிரஸ் 4, இடது பட்டன் வேலை செய்யவில்லை' என்று மெஷின் பழுதாகவே எழுதுவது, இந்த இரண்டும் பலிக்கும். ஆளைக் காட்டிக் கொடுத்ததாகவும் ஆகாது, எழுத்தில் ஏறிய பழுதை சூப்பர்வைசரும் சும்மா விடமுடியாது. பெங்களூரை ஒட்டி பிடதியில் ஆலை வைத்திருக்கும் டொயோட்டாவின் உற்பத்தி முறையில் 'ஆண்டான்' என்ற ஜப்பானியப் பெயரில் ஓர் ஏற்பாடு உண்டு. வேலையில் குறை கண்டவர் கயிற்றை இழுத்தால் போர்டில் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், குறித்த எல்லைக்குள் சரியாகவில்லை என்றால் லைனே நிற்கும். தொழிலாளியின் துணிச்சலை நம்பாமல், குறை சொல்வதையே அவர் வேலையின் ஒரு பகுதியாக்கிவிட்டார்கள்.

பெண்கள் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் உறுதியாக இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்விசாரணைக் குழு இருக்கவேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள், வெளியாள் ஒருவர். சம்பவம் நடந்து, தொடர் சம்பவம் என்றால் கடைசியாக நடந்து, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடியவேண்டும். விசாரணை நடக்கும்போதே இடமாற்றமோ மூன்று மாதம்வரை விடுப்போ கேட்கலாம். மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதில்தான் பலருக்கு அந்த மூன்று மாதம் கரைகிறது. மேனேஜரிடம் சொல்வது புகார் ஆகாது.

ஊழலைச் சொல்வது வேறு கணக்கு. தங்க நாற்கரச் சாலைத் திட்ட முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய எஞ்சினியர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டிருந்தும் அவர் விவரங்களோடேயே கடிதம் அதிகாரிகள் கைமாறியது. 2003 நவம்பரில் கயாவில் கொல்லப்பட்டார். கோலார் தங்கவயலில் வளர்ந்த சண்முகம் மஞ்சுநாத் இந்தியன் ஆயில் அதிகாரியாக பெட்ரோல் கலப்படத்தைத் தடுக்கப்போய் 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் மௌனமாக இருந்தால் அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பேசத் தீர்மானித்தால், பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகள் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-வது பிரிவின்படி புகார் வழி வைத்திருக்கவேண்டும், தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் அதில் இடமுண்டு. முதலில் வக்கீலைப் பாருங்கள், மெயில் பிறகு.

மௌனமே சரியான இடங்களும் இருக்கின்றன. யாருக்கு எத்தனை சதவீதம் சம்பள ஹைக் என்ற பேச்சு அவற்றில் ஒன்று. முடிவெடுத்து எழுதியாகிவிட்ட விஷயத்தை மூன்றாவது முறை கிளறுவதும் அப்படித்தான். காவிரி சூடாகும் நாள்களில் டீம் வாட்ஸப் குரூப்பும் அந்த ரகம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்த நகரில் நடந்த காவிரிக் கலவரத்தை அல்சூரிலும் மற்ற பகுதிகளிலும் இருக்கும் பழைய குடும்பங்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் ஃபார்வேர்டு மெசேஜுக்குப் பதில் போடாமல், பக்கத்து சீட்டுக் கன்னட நண்பரோடு வழக்கம்போல டீ குடிக்கப் போவது பேசாமல் பேசுவதுதான்.

இதைப் படிப்பவர்களில் லீடும் மேனேஜரும் இருப்பீர்கள். 58-வது நிமிடத்தில் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், எல்லார் கையும் லேப்டாப்பை மூடிக்கொண்டிருக்கும். கால் மணி நேரத்திலேயே, ஜூனியரிலிருந்து தொடங்கி, "இது உடைஞ்சா எங்க உடையும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று கேளுங்கள். பேசக் கூசுகிறவர்களுக்காக முதலில் ஐந்து நிமிடம் எழுத விடுங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை 1990-களில் ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல டீம்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருப்பதைக் கண்டார். அங்கே தவறை வெளியே சொல்லப் பயமில்லை. உங்கள் டீம் ரெட்ரோவில் (முடிந்த வேலையை அலசும் மீட்டிங்) குறையே வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். மினிட்ஸில் 'கேள்வி எழுப்பியவர்' என்று ஒரு கட்டம் வைத்துப் பெயரை எழுதுங்கள், கேலிபரேஷனில் உங்களுக்கே கைகொடுக்கும். ஒன்-டு-ஒன்னில் ஒருவர் நல்ல விஷயம் சொன்னால் அதை எடுத்துக்கொண்டுபோய் நீங்களே மீட்டிங்கில் சொல்லிவிடாதீர்கள். "நாளைக்கு ரெண்டாவது அஜெண்டா உன்னோடது, நானே உன்னைக் கூப்பிடறேன், ரெண்டு நிமிஷம் நீயே சொல்லு" என்று முன்கூட்டியே சொல்லி, மறுநாள் மறக்காமல் கூப்பிடுங்கள்.